காட்டேரிக்கு ஊசி எதற்கு?

1972-ல் ‘பிளாக்குலா’ என்ற திகில் படம் அமெரிக்காவில் நன்றாக ஓடியது. கறுப்பினக் காட்டேரியைக் காட்டினால் கல்லா கட்டலாம் என்று கண்டுகொண்ட கெல்லி–ஜோர்டன் நிறுவனம், தனக்கும் அப்படியொரு படம் வேண்டுமென்று பில் கன்னைப் பிடித்தது. கன் நாடக ஆசிரியர், நடிகர், திரைக்கதை எழுதுபவர். கொடுத்த பணம் மூன்றரை லட்சம் டாலர். காட்டேரிக் கதையில் அவருக்கு ஆர்வமே கிடையாது. ஆனாலும் பணத்தை வாங்கிக்கொண்டு, போதைக்கு அடிமையான ஒருவரின் கதையை எடுத்துக் கையில் கொடுத்தார். அதுதான் 1973-ல் வந்த ‘கஞ்சா அண்ட் ஹெஸ்’.

ஹெஸ் கிரீன் என்பவர் பெரும் பணக்காரர், மானுடவியல் அறிஞர். பழங்காலக் குத்துவாள் ஒன்றால் அவருடைய உதவியாளரே அவரைக் குத்திவிட்டு, தன்னையும் சுட்டுக்கொண்டு சாகிறார். ஹெஸ்ஸுக்கு உயிர் போகவில்லை. எழுந்தவர் தரையில் கிடக்கும் ரத்தத்தை நக்கிக் குடிக்கிறார். அன்றிலிருந்து அது இல்லாமல் அவரால் முடியாது. கோரைப்பல் இல்லை, கறுப்பு அங்கி இல்லை, வௌவால் இல்லை. மாளிகை, கார், ஓவியங்கள், வேலையாட்கள் எல்லாம் உண்டு. மனம்விட்டுப் பேச ஓர் ஆள்கூட இல்லை. ஹெஸ்ஸாக நடித்தவர் டுவேன் ஜோன்ஸ். ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) படத்தில் நடைப்பிணங்களை எதிர்த்து நின்ற அதே நடிகர்.

படத்தின் தொடக்கத்தில் ஹெஸ்ஸிடம் வேலை பார்க்கும் போதகர் ஒருவர் பேசுகிறார். தன் முதலாளி குற்றவாளி அல்ல, பாதிக்கப்பட்டவர், ரத்தத்துக்கு அடிமையானவர் என்கிறார். இதில் என்ன பெரிய விஷயம் என்று இன்று தோன்றலாம். படம் வந்த 1973-ல்தான் நியூயார்க் மாநில ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லர் புதிய போதைப்பொருள் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஹெராயின் போன்றவற்றைச் சில அவுன்ஸ் விற்றாலோ வைத்திருந்தாலோ குறைந்தது 15 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. அதற்கு 2 ஆண்டு முன்பு, 1971-ல், போதைப் பழக்கமே நாட்டின் முதல் எதிரி என்று அதிபர் நிக்சன் அறிவித்திருந்தார். அப்படிப்பட்ட காலத்தில், அதே மாநிலத்தில் இருந்துகொண்டு, அடிமைப்பட்டவன் குற்றவாளி அல்ல என்று ஒரு பேய்ப்படம் சொன்னது. சட்டமன்றத்தில் எடுபடாத பேச்சை மலிவான திகில் படத்தில் பேச முடிந்தது.

கான் திரைவிழாவின் விமர்சகர் வாரத்தில் அந்த ஆண்டு இடம்பெற்ற ஒரே அமெரிக்கப் படம் இதுதான். ஊரில் அதற்கு மரியாதை கிடைக்கவில்லை. பெரிய பத்திரிகைகளின் வெள்ளை விமர்சகர்கள் அந்தச் செய்தியைக்கூடக் குறிப்பிடவில்லை என்று கன் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழுக்குச் சூடாக ஒரு கடிதம் எழுதினார். தயாரிப்பாளர்களோ படத்தை வேறொரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் சுமார் 110 நிமிடப் படத்தை 78 நிமிடமாக வெட்டி, ‘பிளட் கப்பிள்’ என்று பெயரை மாற்றி ஓட்டினார்கள். கன் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் முழுப் பிரதி ஒன்று இருந்ததால்தான் படம் தப்பியது. கன் 1989-ல் இறந்தார். 2014-ல் ஸ்பைக் லீ, இணையத்தில் பொதுமக்களிடம் 14 லட்சம் டாலருக்கு மேல் திரட்டி, இதையே மறுபடி எடுத்தார். பெரிய ஸ்டுடியோ அப்போதும் பக்கத்தில் இல்லை.

ஸ்டுடியோக்கள் விலகி நின்றதற்கு ஒரு பழைய கதை உண்டு. மௌனப்பட நாயகன் வாலஸ் ரீட் 1919-ல் படப்பிடிப்புக்காகப் போகும் வழியில் ரயில் விபத்தில் சிக்கினார். வலி தெரியாமல் நடித்து முடிக்க மார்ஃபின் கொடுத்தார்கள். அந்த மார்ஃபின் அவரை விடவே இல்லை. 1923 ஜனவரியில், 31 வயதில், மருத்துவ இல்லத்தில் இறந்தார். மனைவி டோரத்தி டேவன்போர்ட் அதே ஆண்டில் ‘ஹ்யூமன் ரெக்கேஜ்’ என்ற எச்சரிக்கைப் படத்தைத் தயாரித்தார். அதன் ஒரு பிரதிகூட இன்று இல்லை. 1934 முதல் ஹாலிவுட்டின் தணிக்கை விதி கறாரானது. போதைக் கடத்தலைத் திரையில் காட்டவே கூடாது. அந்த இடைவெளியில் ட்வெய்ன் எஸ்பர் போன்ற வியாபாரிகள் புகுந்தார்கள். கஞ்சா இழுத்தவன் பைத்தியமாகிக் கொலை செய்வான் என்று பயமுறுத்தும் படங்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஓட்டிக் காசு பார்த்தார்கள். ‘ரீஃபர் மேட்னஸ்’ அந்த வகை. 1970-களில் கல்லூரி மாணவர்கள் அதை விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே பார்த்தார்கள். 1955-ல் ஆட்டோ பிரமிஞ்சர் ஹெராயின் அடிமையைப் பற்றிய படத்தைத் தணிக்கை முத்திரை இல்லாமலே வெளியிட்ட பிறகுதான் விதி தளர்ந்தது.

பழைய படங்களில் அச்சம் வெளியிலிருந்து வரும். போதைக்காரன் உன் பெண்ணைக் கெடுப்பான், உன் வீட்டுக்குள் புகுவான். கன் வந்து கதவை மாற்றித் திறந்தார். அடிமைப்பட்டவனின் அறைக்குள்ளிருந்து பார்த்தார். அடுத்து வந்தவர்கள் அதே அறைக்குள் போனார்கள்.

ரொமேரோவின் ‘மார்ட்டின்’ (1978) பிட்ஸ்பர்க் அருகே பிராடக்கில் நடக்கிறது. கார்னகியின் எஃகு ஆலையால் வாழ்ந்து, ஆலைத் தொழில் சரியவே ஆளில்லாமல் போன ஊர். நாயகன் தன்னைக் காட்டேரி என்று நம்பும் இளைஞன். பல் இல்லாததால் ஊசியில் மயக்க மருந்து ஏற்றிப் பெண்களைச் சாய்க்கிறான், சவரத் தகடால் கீறுகிறான். மனத்தில் இருப்பதைச் சொல்ல ஆள் கிடைக்காமல் இரவு வானொலி நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் அழைக்கிறான். அறிவிப்பாளருக்கு அவன் ஒரு வேடிக்கைப் பொருள்.

இந்த வரிசையில் மிக அருவருப்பான படமும், எனக்குப் பட்டவரை மிக நேர்மையான படமும் ஃபிராங்க் ஹெனன்லாட்டரின் ‘பிரெய்ன் டேமேஜ்’ (1988)தான். நியூயார்க் 42-வது தெருவின் மலிவான திரையரங்குகளே கதியென்று வளர்ந்தவர் அவர். பிரையன் என்ற இளைஞனின் கழுத்தில் அய்ல்மர் என்ற புழு வந்து ஒட்டிக்கொள்கிறது. மூளைக்குள் அது செலுத்தும் நீலத் திரவத்தில் உலகமே ஒளிமயம். கூலியாக அதற்கு மனித மூளை வேண்டும். காதலியை விட்டு, சகோதரனை விட்டு, பிரையன் குளியலறையில் தாழிட்டுக் கிடக்கிறான். பிறகு எப்படியாவது நிறுத்திவிடலாம் என்று அழுக்கு விடுதி ஒன்றில் அறை எடுக்கிறான். அவன் தரையில் துடிக்க, கை கழுவும் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு அய்ல்மர் பழைய நடனப் பாட்டு ஒன்றை நிதானமாகப் பாடுகிறது. குரல் கொடுத்தவர் ஜான் சாக்கர்லி, ஒரு தலைமுறைக்குத் தொலைக்காட்சியில் பேய்ப்படங்களை அறிமுகப்படுத்தியவர். எத்தனையோ பாடநூல்கள் சொல்ல முயன்றதை அந்த ரப்பர் பொம்மை சொல்லிவிட்டது.

1995-ல் நியூயார்க்கிலேயே இரண்டு படங்கள் உருவாகி நின்றன. ஏபல் ஃபெராராவின் ‘தி அடிக்‌ஷன்’ கறுப்பு வெள்ளை. தத்துவ ஆராய்ச்சி மாணவி ஒருத்தி கடிபடுகிறாள். தெருவில் படுத்திருப்பவனின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துத் தனக்கே ஏற்றிக்கொள்கிறாள். ஊசி வழியே எய்ட்ஸ் பரவி நகரம் நடுங்கிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. படம் தத்துவ மேற்கோள்களால் நிரம்பி வழிகிறது, பல இடங்களில் திகட்டுகிறது. ஆனால் எடுத்தவருக்கு விஷயம் தெரியும்; ஹெராயினோடு பல ஆண்டுகள் மல்லாடியதை ஃபெராரா பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். லாரி ஃபெசண்டன் எழுதி, இயக்கி, தொகுத்து, நடித்த ‘ஹாபிட்’ திரைக்கு வர 1997 ஆகிவிட்டது. அப்பாவை இழந்த குடிகாரன் ஒருவனுடைய காதலி காட்டேரியா, அல்லது எல்லாமே குடியின் வேலையா என்பதைக் கடைசிவரை அவர் அவிழ்க்கவில்லை.

ஜஸ்டின் பென்சனும் ஆரன் மூர்ஹெட்டும் 2012-ல் எடுத்த ‘ரெசொலூஷன்’ படத்தில் உவமையே இல்லை. கிறிஸ் என்பவன் மெத் போதைக்கு அடிமை, அவ்வளவுதான். ஆளரவமற்ற பாழடைந்த குடிசையில் கிடக்கிறான். அவனைச் சுவர்க் குழாயோடு கைவிலங்கிட்டு, 7 நாளில் தெளிய வைக்கலாம் என்று பழைய நண்பன் மைக்கேல் வந்து உட்கார்கிறான். அவனுடைய மனைவி கர்ப்பிணி, ஊரில் காத்திருக்கிறாள். இதற்கிடையே குடிசையைச் சுற்றிப் பழைய புகைப்படங்களும் படச்சுருள்களும் ஒலித்தட்டுகளும் யாரோ வைத்ததுபோல் கிடைக்கின்றன. போகப் போக அவற்றில் இவர்கள் இருவருமே இருக்கிறார்கள். எதையோ எதிர்பார்த்து யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். விலங்கு பூட்டப்பட்டவனைவிடச் சாவி வைத்திருப்பவன்தான் மெல்ல மெல்ல நிலை தவறுகிறான். அடிமையின் வீட்டில் இருந்து பழகியவர்களுக்கு இது புதிதல்ல. 5 ஆண்டு கழித்து இதே இயக்குநர்கள் ‘தி எண்ட்லெஸ்’ எடுத்தபோது, அதே நடிகர்கள் கிறிஸ்ஸாகவும் மைக்கேலாகவும் திரும்ப வந்தார்கள். முடிந்த இடத்திலேயே மறுபடி தொடங்கும் காலச்சுழலில் சிக்கி, இன்னும் அதே குடிசையில்தான் இருந்தார்கள்.