இலக்கிய வாதக் கட்டுரையின் வரலாறு: உரையாசிரியர் முதல் பள்ளி மாணவர் வரை

இலக்கிய வாதக் கட்டுரை என்பது ஓர் இலக்கியப் படைப்பைப் பற்றி ஒரு கருத்தை முன்வைத்து, அதனை அப்படைப்பிலிருந்தே சான்று காட்டி நிறுவி, மாற்றுக் கருத்துக்கும் விடை கூறும் உரைநடைக் கட்டுரை ஆகும். கதையைச் சுருக்கிச் சொல்வது இதன் வேலையன்று. நூலைப் புகழ்வதும் அன்று. ‘கண்ணகி கற்பில் சிறந்தவள்’ என்று எழுத வாதம் வேண்டியதில்லை. ‘கோவலன் கொலைக்குப் பாண்டியனைவிடப் பொற்கொல்லனே பெரிதும் பொறுப்பாளி’ என்று எழுதினால் வாதம் தொடங்கிவிடுகிறது. ஏனெனில் அதனை ஒருவர் ஏற்கலாம், மற்றொருவர் மறுக்கலாம்.

இவ்வகைக் கட்டுரை ஆங்கிலக் கல்வியோடு நம்மிடம் வந்தது என்று பலரும் எண்ணுவர். அதில் பாதி உண்மை உண்டு. கட்டுரை என்னும் உரைநடை வடிவம் ஐரோப்பாவில் பிரெஞ்சு எழுத்தாளர் மொந்தேன் 1580இலும், ஆங்கில எழுத்தாளர் பேக்கன் 1597இலும் வெளியிட்ட நூல்களால் நிலைபெற்றது. ஆனால் பிறர் கருத்தை எடுத்துரைத்து, அதனை ஆராய்ந்து, ஏற்கவோ மறுக்கவோ செய்யும் முறை தமிழ் உரையாசிரியர்களிடம் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வளர்ந்திருந்தது.

உரை மரபில் வாதம்

இறையனார் களவியல் உரை வினா எழுப்பி விடை கூறும் நடையில் அமைந்தது. கேட்பவனுக்கு எழக்கூடிய ஐயத்தை உரைகாரரே எழுப்பி, அதற்கு விடையும் தருகிறார். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவரின் நன்னூல், காண்டிகையுரைக்குக் கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை ஆகிய ஐந்தையும் கூறுகிறது. வினாவும் விடையும் உரையின் உறுப்புகளாகவே கருதப்பட்டன என்பது இதனால் விளங்கும்.

நன்னூல் கூறும் எழுவகை மதம் இன்னும் முக்கியமானது. இங்கு மதம் என்பது கொள்கை எனப் பொருள்படும். பிறர் கருத்துக்கு உடன்படுவது, மறுப்பது, முதலில் ஏற்றுப் பின்னர்க் களைவது, தானே ஒன்றை நாட்டி நிறுவுவது, இருவர் மாறுபடும்போது ஒரு பக்கம் துணிவது, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது, பிறர் கருத்தோடு சேராமல் தன் கருத்தைக் கொள்வது என ஏழு நிலைகளை அது வகுக்கிறது. இன்று வாதக் கட்டுரை எழுதும் மாணவர் ஒருவர் எடுக்கக்கூடிய நிலைப்பாடுகள் ஏறக்குறைய இவையே.

இது ஏட்டளவில் நின்ற விதியன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதிய சேனாவரையர், தமக்கு முன் உரை எழுதிய இளம்பூரணரின் கருத்துகளைப் பல இடங்களில் எடுத்துக் காட்டி மறுக்கிறார். மறுப்பதற்கு முன் அக்கருத்து இன்னது என்று சொல்லிவிடுகிறார். ஆகவே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு படிப்பவருக்குக் கிடைக்கிறது.

எனினும் இம்மரபுக்கு எல்லை உண்டு. வாதம் பெரும்பாலும் ஒரு நூற்பாவின் பொருள், ஒரு சொல்லின் பொருள் என்ற அளவில் நின்றது. வாதம் செய்பவர் புலவர். மாணவரின் கடமை பாடம் கேட்பது.

அச்சும் பல்கலைக்கழகமும்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் பட்டதாரிகளுள் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த அவர், அவற்றுக்கு நீண்ட பதிப்புரைகள் எழுதி, நூல்களின் காலத்தையும் வரலாற்றையும் பற்றி வாதிட்டார். ஏட்டில் இருந்த நூல் அச்சில் வந்தபின் இரண்டு பேர் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மாறுபட முடிந்தது.

மனோன்மணீயம் ஆசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897) செய்த வாதம் நல்ல எடுத்துக்காட்டு. கால்டுவெல் திருஞானசம்பந்தரை 13ஆம் நூற்றாண்டினர் எனக் கருதியிருந்தார். கால்டுவெல்லின் பெயருக்கு அன்று பெருமதிப்பு இருந்தது. சுந்தரம் பிள்ளை அக்கருத்தை எடுத்துக்கொண்டு, பிற நூல்களின் குறிப்புகளையும் கல்வெட்டுகளையும் காட்டி, சம்பந்தர் பல நூற்றாண்டுகள் முந்தியவர் என ஆங்கிலத்தில் எழுதி நிறுவினார். சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டினர் என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்பது. பெரியவர் சொன்னார் என்பது சான்றாகாது என்பதை அக்கட்டுரை காட்டியது.

முல்லைப்பாட்டு வாதம்

ஒரு பாட்டை முழுமையாக எடுத்துக்கொண்டு ஆராயும் கட்டுரைக்குத் தமிழில் முன்னோடி, மறைமலையடிகளின் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரை (1903). அப்போது வேதாசலம் என்ற பெயருடன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் அவர் தமிழ் கற்பித்து வந்தார்.

நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு 103 அடிகள் கொண்டது. பத்துப்பாட்டில் மிகச் சிறியது. மழை பொழியும் மாலையில் முதுபெண்டிர் ஊர்ப்புறம் சென்று நற்சொல் கேட்கின்றனர். தாயைக் காணாது வருந்தும் கன்றுக்கு ஆயர்மகள் ஆறுதல் கூறுகிறாள். அச்சொல்லே நல்ல நிமித்தமாகிறது. அதைக் கேட்டும் தலைவியின் கண்ணீர் நிற்கவில்லை. பாட்டு பின்னர்ப் பாசறைக்குச் செல்கிறது. அங்கே அரசன் புண்பட்ட யானைகளையும் இறந்த வீரர்களையும் நினைத்து உறங்காதிருக்கிறான். மீண்டும் தலைவியிடம் வந்து, திரும்பிவரும் படையின் ஒலியோடு பாட்டு முடிகிறது.

இதற்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர், சொற்களையும் அடிகளையும் இடம் மாற்றிக் கூட்டிப் பொருள் கண்டார். ‘மாட்டு’ என்னும் செய்யுள் உறுப்பைக் கொண்டு இம்முறைக்கு நியாயம் கூறுவர். மறைமலையடிகள் இதனை மறுத்தார். புலவர் அமைத்த வரிசையிலேயே பாட்டைப் படிக்க வேண்டும், அப்படிப் படித்தால்தான் அதன் ஓட்டம் விளங்கும் என்பது அவர் நிலைப்பாடு.

இங்கு வாதம் சொற்பொருளோடு நிற்கவில்லை; பாட்டின் அமைப்பைப் பற்றியதாக வளர்ந்துவிட்டது. தலைவியிடமிருந்து பாசறைக்கும், பாசறையிலிருந்து தலைவிக்கும் பாட்டு மாறிச் செல்வது தற்செயலா, புலவரின் நோக்கமா என்ற கேள்வி எழுகிறது. வீட்டில் ஒருத்தி உறங்கவில்லை. பாசறையில் ஒருவன் உறங்கவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததே பாட்டின் பொருள் என்று ஒருவர் வாதிடலாம். அடிகளை இடம் மாற்றினால் அப்பொருள் கலைந்துவிடும். எந்தப் பெரிய உரையாசிரியரையும் மூலப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு மறுக்கலாம் என்ற துணிவைத் தந்தது இந்த ஆராய்ச்சியுரை.

பெயரில்லாத பாடல்கள்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் மேற்கொண்ட சோதனையையும் இங்குக் குறிப்பிட வேண்டும். ஆசிரியர் பெயரும் காலமும் குறிப்பிடாமல் பாடல்களை மாணவர்களிடம் கொடுத்து, தம் கருத்தை எழுதித் தரச் சொன்னார். 13 பாடல்களுக்கு வந்த விடைகளை ஆராய்ந்து 1929இல் நூலாக்கினார். நன்கு படித்த மாணவர்களே பாடலின் நேர்ப்பொருளைத் தவறவிட்டதையும், முன்கூட்டியே மனத்தில் இருந்த பழகிய எண்ணங்களைப் பாடலின்மேல் ஏற்றியதையும் அவர் கண்டார். புலவரின் புகழ் மறைந்தபோது படிப்பின் தரம் வெளிப்பட்டது. பாடலை மட்டும் நெருங்கிப் படித்து எழுதும் பயிற்சி இதன்பின் பல நாடுகளின் வகுப்பறைகளில் பரவியது.

பள்ளியில் நேர்ந்தது

நம் பள்ளிகளில் இலக்கியம் பற்றி எழுதும் பயிற்சி பெரும்பாலும் ‘இலக்கிய நயம் பாராட்டல்’ என்ற வடிவம் பெற்றது. மையக்கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி, சந்தம், சுவை என்று தலைப்பிட்டு எழுதுவது வழக்கம். இதனால் பாடலின் உறுப்புகளை அடையாளம் காணும் பயிற்சி கிடைக்கிறது, அது பயனுள்ளதே. ஆனால் ‘பாராட்டல்’ என்ற சொல்லே விடையை முன்கூட்டி முடிவு செய்துவிடுகிறது. மறுப்பதற்கும் ஐயுறுவதற்கும் அதில் இடமில்லை. ஒரு வகுப்பில் நாற்பது விடைத்தாள்களைத் திருத்தினால் நாற்பதிலும் ஒரே கட்டுரை இருப்பதை ஆசிரியராக இருந்தவர்கள் அறிவர்.

பட்டிமன்றம் இக்குறையை ஓரளவு போக்குகிறது. ஆயினும் அங்கே பேச்சாளருக்குப் பக்கம் முன்பே ஒதுக்கப்படுகிறது. கட்டுரையாளர் நூலைப் படித்தபின் தம் பக்கத்தைத் தேர்கிறார். சான்று எதிராக இருந்தால் மாற்றிக்கொள்ளவும் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: வாலி வதை

பட்டிமன்றங்களில் பலமுறை பேசப்பட்ட வாலி வதையைக் கட்டுரையாக எழுதுவது எப்படி என்று பார்ப்போம்.

கருத்து: மறைந்து நின்று அம்பெய்ததைக் கம்பர் முழுமையாக நியாயப்படுத்தவில்லை.

சான்று: தம்பியின் மனைவியைக் கவர்ந்த குற்றம் முதலியவற்றுக்குக் கம்பரின் இராமன் தானே விடை கூறுகிறான். மறைந்து எய்தது ஏன் என்ற கேள்விக்கு விடை சொல்பவன் இலக்குவன். வான்மீகி இராமாயணத்தில் இராமனே, விலங்கை மறைந்திருந்து வேட்டையாடுவது அரசர் வழக்கம் என்று விடை கூறுகிறான். கம்பர் அந்த விடையை இராமன் வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

மாற்றுக் கருத்து: வாலி இறுதியில் இராமனைப் போற்றுகிறான்; மகன் அங்கதனையும் அவனிடமே ஒப்படைக்கிறான். ஆகவே கம்பர் இராமன் பக்கமே நிற்கிறார்.

விடை: வாலி மனம் மாறியது உண்மை. ஆனால் கேட்டவன் அமைதி அடைந்தான் என்பதனால், கேள்விக்கு நேரான விடை கிடைத்துவிட்டது என்று ஆகாது.

இந்த விடையை ஏற்காத மாணவரும் இருக்கலாம். இலக்குவன் சொன்னது இராமன் சொன்னதற்குச் சமம் என்று அவர் வாதிடலாம். அதற்கு அவர் காப்பியத்தின் வேறு இடங்களில் இலக்குவன் இராமனுக்காகப் பேசுவதைத் தேடிக் காட்ட வேண்டும். அப்படித் தேடுபவர் அப்படலத்தை மீண்டும் ஒருமுறை படிப்பார்.

மாணவர் நினைவில் கொள்ள வேண்டியவை

தலைப்பை ஒரு கேள்வியாக மாற்றி, அதற்கு ஒரே வாக்கியத்தில் விடை எழுதுக. அந்த வாக்கியத்தை யாரும் மறுக்க முடியாது என்றால் வேறு வாக்கியம் தேடுக. ஒவ்வொரு பத்திக்கும் நூலிலிருந்து ஒரு சான்றாவது தருக. சான்றைத் தந்ததோடு நில்லாமல் அது எதைக் காட்டுகிறது என்றும் எழுதுக. எதிர்க்கருத்தை அதன் வலுவான வடிவிலேயே சொல்லுக. வலுவற்றதாக்கி மறுப்பது எளிது, ஆனால் பயனில்லை. உரைநூலைப் படிக்கலாம்; அதனோடு மாறுபடவும் செய்யலாம். சேனாவரையர் இளம்பூரணரோடும், மறைமலையடிகள் நச்சினார்க்கினியரோடும் மாறுபட்டது மூலநூலைத் தாமே படித்ததனால்தான்.