27, 28: தைவான் கூட்டிய இரண்டு கேள்விகள்

ரத்த அழுத்தத்தை அளக்கக் கருவி இருக்கு. வாழ்க்கைத் தரத்தை எப்படி அளப்பது? உலக சுகாதார நிறுவனம் 1991-ல் இதற்கான வேலையைத் தொடங்கியது. பல நாடுகளில் விசாரித்து முதலில் 100 கேள்விகள், பிறகு சுருக்கி 26.

தைவான் ஆய்வாளர்கள் சீனத்தில் மொழிபெயர்த்ததோடு நிற்கவில்லை. நாடுகளை ஒப்பிட வசதியாக அந்த 26-ஐ வைத்துக்கொண்டு இரண்டைக் கூட்டினார்கள். 27: உங்களுக்கு 'முகம்' இருக்கிறதா, அதாவது மதிக்கப்படுகிறீர்களா? 28: சாப்பிட ஆசைப்படுவது வழக்கமாகக் கிடைக்கிறதா?

சின்ன விஷயம்தானேன்னு தோணும். ஆனால் பார்த்ததும் 'சாப்பிட்டாச்சா?' என்று நலம் விசாரிக்கிற சமூகம் அது. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு உப்பு, தண்ணீர் எல்லாமே அளவுதான். வலி, தூக்கம் பற்றியெல்லாம் கேட்கும் பழைய பட்டியலில் சாப்பாட்டுக்கென்று ஒரு கேள்வி இல்லை. மொழிபெயர்ப்பு எவ்வளவு சுத்தமா இருந்தாலும், கேட்காத கேள்விக்குப் பதில் வராது.