மிச்சம் வைக்காத எண்

பங்கு பிரித்தபின் மிச்சம் விழுந்தால் அங்கே மனஸ்தாபமும் விழும் என்பது நெல்லையும் நிலத்தையும் கூறுபோட்டவர்கள் அனைவரும் அறிந்த அனுபவமாதலால், எத்தனை பேர் வந்து நின்றாலும் சரியாகப் பிரிந்துகொடுக்கும் எண்களின்மீது மனிதனுக்குத் தொன்றுதொட்டே ஒரு பிரீதி உண்டு. பத்தை மூவருக்குப் பங்கிட இயலாது. பன்னிரண்டையோ இருவருக்கும், மூவருக்கும், நால்வருக்கும், அறுவருக்கும் பங்கிடலாம். பாபிலோனியரின் கணக்குக்கு அடிப்படையாய் இருந்து, இன்றும் நம் கடிகாரத்தில் நிமிஷமாய் ஓடிக்கொண்டிருக்கும் அறுபதுக்குப் பன்னிரண்டு வகுத்திகள் உண்டு.

கிரேக்க ஞானி பிளேட்டோ, முதுமையில் இயற்றிய ‘சட்டங்கள்’ என்னும் நூலில், தாம் மனத்தில் அமைத்த நகரத்துக்கு நிலமுடைய குடிகள் 5040 என்று விதித்தார். வரிக்கும் படைக்கும் நிலத்துக்கும் குடிகளை எப்படிப் பகுத்தாலும் குறைவராதபடி, 1 முதல் 10 வரை எல்லா எண்களும் அதனை மீதியின்றி வகுக்கின்றன. 11 வகுக்காது எனினும், இரண்டு குடிகளை நீக்கிவிட்டால் அதுவும் வகுக்கும் என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார்.

ராஜ்ய பரிபாலனத்துக்கு உபகாரமாயிருந்த இந்த வழக்கத்தைக் கணித சாஸ்திரத்தின் முழு ஆராய்ச்சிப் பொருளாக உயர்த்தியவர் ராமானுஜன். தன்னிலும் சிறிய எந்த எண்ணையும்விட அதிகமான வகுத்திகளைப் பெற்றதை ‘உயர் பகு எண்’ என வகுத்து, 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் சஞ்சிகையில் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரை, மறு ஆண்டில் கேம்பிரிட்ஜில் அவருக்குப் பட்டமும் பெற்றுத் தந்தது. இத்தகைய எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால், 2, 3, 5, 7 என்ற வரிசை இடையறாமல் வரும். அவற்றின் அடுக்குகள் ஒருபோதும் ஏறாமல், நின்றோ இறங்கியோ செல்லும். 4, 36 என்ற இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கடைசிப் பகா எண் ஒரே தரம் வரும் என்று அவர் நிரூபித்தார்.

கணிப்பொறி தோன்றாத அக்காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட எண்களை அவர் தொகுத்த அட்டவணை, 6746328388800 என்ற பேரெண்ணில் முடிகிறது. 2 ஆறு தரமும், 3 நான்கு தரமும், 5-உம் 7-உம் இவ்விரண்டு தரமும், 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு தரமும் பெருகி உண்டான அதற்கு 10080 வகுத்திகள் உள.

அந்த அட்டவணையில் 293318625600 என்ற ஓர் எண் விடுபட்டுப் போயிற்று. ஆயினும் அதனை 23-ஆல் பெருக்கிப் பார்ப்பவர், பட்டியலின் கடைசி எண்ணையே விடையாகக் காண்பார். விடுபட்ட அந்த எண்ணின் வகுத்திகளை எண்ணிப் பார்ப்பவரோ, பிளேட்டோ தம் நகரத்துக்கு விதித்த அதே 5040-ஐக் காண்பார்.