செட்டிநாட்டு உட்சுவர்களும் காரைப் பூச்சின் வரலாறும்

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள செட்டிநாட்டில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி இரண்டாம் உலகப்போர் வரை நகரத்தார் எனப்படும் வணிகச் சமூகத்தினர் எழுப்பிய பெருவீடுகளைப் பற்றி எழுதுவோர் பர்மாத் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடித் தரைக்கற்களையும் முதலில் குறிப்பிடுவது வழக்கம். அவற்றுக்கு இணையான கட்டுமான அறிவு அவ்வீடுகளின் உட்சுவர்களில் உள்ளது. பளிங்குபோல் மின்னும் அச்சுவர்களின் மேல் உள்ள காரை, அதாவது சுண்ணாம்புச் சாந்துப் பூச்சு, பழுதுபட்ட இடத்தை அதே பொருளாலேயே இட்டு நிரப்பக்கூடியதாக அமைந்திருந்தமையே அதன் நீண்ட ஆயுளுக்கு முதற்காரணமாகும்.

கிளிஞ்சலையோ சுண்ணாம்புக்கல்லையோ காளவாய் என்னும் சூளையில் சுட்டு, நீர் விட்டு நீற்றி, மணல் சேர்த்து, மாடு சுற்றி இழுக்கும் அரவைக் கல்லில் நைய அரைத்துச் சாந்து ஆக்கினர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை அதில் சேர்ப்பது இறுகும் தன்மையைக் கூட்டுவதற்காகவும், முட்டையின் வெண்கருவை மேற்பூச்சில் கலப்பது வழவழப்பையும் பளபளப்பையும் தருவதற்காகவும் ஆகும். அடிப்பூச்சு கரடாகவும், அடுத்தடுத்த பூச்சுகள் மேலும் மெல்லியனவாகவும் நுண்ணியனவாகவும் அமைய, இறுதிப் பூச்சை ஈரம் காயுமுன் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றினர். இந்த நுட்பம் செட்டிநாட்டுக்கு மட்டும் உரியதன்று. செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராயிருந்த ஐசக் பைக், சென்னையில் வெல்லமும் கடுக்காயும் சேர்த்துச் சாந்து செய்யும் முறையை விவரித்து எழுதிய கட்டுரை, இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் 1732இல் வெளிவந்தது.

பூசப்பட்ட சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கி மீண்டும் சுண்ணாம்புக்கல்லின் இயல்பை அடைகிறது. அப்போதும் அது நுண்துளைகள் உடையதாகவே இருப்பதால், அடித்தளத்திலிருந்து செங்கல்லில் ஏறும் ஓதம், அதாவது சுவரின் ஈரம், பூச்சின் வழியே வெளியேறி உலர்ந்துவிடுகிறது. பொங்கலுக்கு முன் ஆண்டுதோறும் வெள்ளையடிக்கும் வழக்கமும் இதே பொருளைச் சார்ந்ததே. மெருகேற்றப்படாத சுவர்களில் மயிரிழை வெடிப்புகளை அச்சுண்ணாம்பு நீர் அடைத்துவிட்டமையால், திருநாளுக்கான தூய்மைப் பணியே சிறு பழுதுகளுக்கான பராமரிப்பாகவும் அமைந்தது.

பெரிய பழுதுக்குக் கொத்தனார் வரவழைக்கப்பட்டார். அவர் கரணையின் பிடியால் சுவரைத் தட்டிப் பார்த்து, பொள்ளென ஒலிக்கும் இடங்களில் பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்திருப்பதை அறிந்து, அந்தப் பகுதியை உறுதியான விளிம்பு வரை கொத்தி எடுப்பார். பின் தூசியைத் துடைத்து, செங்கல் நீரை உறிஞ்சி நிறையும் வரை நனைத்து, பழைய பூச்சின் அடுக்கு முறையிலேயே புதிய சாந்தை இடுவார். நனைக்காத செங்கல் சாந்திலுள்ள நீரை இழுத்துக்கொள்வதால் ஒட்டு பலவீனமாகி, இட்ட பூச்சு விரைவில் பெயர்ந்துவிடும்.

போர்பந்தரில் 1914இல் சிமென்ட் உற்பத்தி தொடங்கியபின் நாட்டின் கட்டுமானம் படிப்படியாக மாறியது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதையடுத்து நகரத்தாரின் வட்டித்தொழில் அங்கே நிலைகுலைய, பெருவீடுகளைப் பேணுவதற்கான செல்வமும் சுருங்கியது. நாட்கணக்கில் நீற்றி அரைக்க வேண்டிய சுண்ணாம்பைவிட, மூட்டையைப் பிரித்துக் குழைத்தவுடன் பூசிவிடக்கூடிய சிமென்ட் மலிவாகவும் எளிதாகவும் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் கெட்டியான சிமென்ட் பூச்சு ஓதத்தை எளிதில் வெளியேற விடுவதில்லை. அடைபட்ட ஈரம் ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றியுள்ள பழைய காரை வழியாக வெளியேற முயலும்போது, கரைந்துவந்த உப்பு அங்கே படிகமாகி வெண்மையாகப் பூத்து, நல்ல காரையையும் பொடித்து உதிர்க்கிறது. இதைக் கண்டு மீண்டும் சிமென்ட் பூசினால் பழுது அடுத்த அடிக்கு நகர்கிறதேயன்றித் தீர்வதில்லை.

செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றதால் அவ்வீடுகள் மீதான கவனம் கூடியுள்ளது. அந்தக் கவனம் முகப்பழகோடு நின்றுவிடலாகாது. காளவாயில் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கவும், கடுக்காய் நீரின் பக்குவம் அறிந்த கொத்தனார்களிடம் இளையவர்கள் தொழில் கற்கவும் வழிசெய்வதே அவ்வீடுகளின் சுவர்களைக் காக்கும் முதற்பணியாகும். சுவரின் இயல்பறியாது செய்யும் செப்பனிடுதல் அதற்கு அடுத்த பழுதாகவே முடியும்.