ஊர் ரேடியோ காலமானது

பஞ்சாயத்து ரேடியோவுக்குத் திதி கொடுக்க நினைத்தாலும் நாள் குறிக்க முடியாது. ஒரு மழைக்காலத்தில் கரகரத்தது, பழுது பார்க்கப் பணம் ஒதுக்கவில்லை, அப்படியே போய்விட்டது. ஊருக்கு ஊர் இதேதான் கதை.

பிறப்பு மட்டும் தெளிவு. 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் சென்னையில் தொடங்கிய ரேடியோ கிளப், பணமில்லாமல் 1927-இல் மூடப்பட்டது. அதன் கருவி சென்னை மாநகராட்சியின் கைக்கு வந்து, 1930-இல் மாநகராட்சியே ஒலிபரப்பத் தொடங்கியது. வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் சொற்பம். ஆகவே கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டினார்கள். குப்பை அள்ளி, குழாயில் தண்ணீர் விட்ட அதே அலுவலகம் சாயங்காலம் பாட்டும் கொடுத்தது! 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்ததும் மாநகராட்சி அந்த வேலையை விட்டது. பூங்காவில் கேட்கும் பழக்கம் மட்டும் ஜனங்களிடம் தங்கிவிட்டது.

கிராமத்துக்கு வந்தபோது ரேடியோ பஞ்சாயத்து அலுவலகத்தில் குடியேறியது. உள்ளே பூட்டிய பெட்டி, வெளியே கம்பத்திலோ வேப்பமரத்திலோ கூம்பு ஒலிபெருக்கி, அடியில் உட்கார ஒரு திட்டு. சாவி ஒருவரிடம். அந்த ஆள் சந்தைக்குப் போய்த் திரும்பத் தாமதமானால் மாநிலச் செய்தி போச்சு, ஊரே அவரை வைது தீர்க்கும். ஆறரைச் செய்திக்குக் கைலியும் துண்டுமாக வந்து உட்காருகிறவர்கள், செய்தி முடிந்தும் எழுந்திருக்க மாட்டார்கள்.

எதைக் கேட்பது என்பது கேட்பவர் கையில் இல்லை. அதன் பெரிய வசதியே அதுதான் என்பது என் கட்சி. பிடிக்காத நிகழ்ச்சி வந்தால் பேச்சு ஆரம்பிக்கும். யார் வயலில் புகையான், யார் மகளுக்கு எங்கே வரன், மைத்துனனிடம் கொடுத்த கடன் வருமா வராதா. நடுவில் பிடித்த பாட்டு வந்துவிட்டால், "கொஞ்சம் சும்மா இருங்கப்பா" என்று ஒரு அதட்டல். செய்தியில் பாதி இந்தச் சளசளப்பில் அமிழ்ந்துபோகும். மறுநாள் டீக்கடையில் அந்தப் பாதியை ஆளுக்கொரு விதமாகச் சொல்லி மல்லுக்கு நிற்பார்கள். பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிகள் இருவர் ஒரே திட்டில் உட்கார அந்த ஊரில் வேறு இடம் ஏது? இருவரும் ரேடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

வெட்டிக் கூட்டம் என்று அதைச் சொல்லிவிட முடியாது. 1960-களின் நடுவில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் ரகம் வந்தபோது, திருச்சி வானொலி அதை எப்படி விதைப்பது, எப்போது உரமிடுவது என்று விடாமல் சொன்னது. கேட்டவர்கள் பயிரிட்டார்கள். எண்ணைச் சொல்லி யார் விதை கேட்பார்கள்? 'ரேடியோ நெல்' என்றார்கள், வியாபாரிக்கும் அது புரிந்தது. வீட்டில் தனியாகக் கேட்ட விவசாயி, 'அதிகாரி சொல்றான், நமக்கென்ன' என்று இருந்திருக்கலாம். நாலு பேரோடு கேட்டால் அவர்களில் ஒருவர் துணிந்து அரை ஏக்கரில் போட்டுப் பார்ப்பார். மற்ற மூவரும் தினமும் அந்த வரப்பில் போய் நிற்பார்கள்.

செத்தவரைப் பற்றி நல்லதையே சொல்லவேண்டும் என்பார்கள். ஆனால் அந்தத் திட்டில் எல்லோரும் உட்கார்ந்ததாகச் சொன்னால் அது பொய். பெண்கள் அரிசி புடைத்தபடி வாசலிலிருந்து கேட்டார்கள். சேரிக்காரர்கள் தெரு முனையில் நின்று கேட்ட ஊர்கள் உண்டு. கூம்பின் சத்தம் தெருப் பார்க்கவில்லை, திட்டு பார்த்தது. ஊரே கூடிக் கேட்டது என்று உருகுகிறவர்கள், கூட முடியாதவர்களையும் கணக்கில் சேர்க்கட்டும்.

சாகடித்தது யார்? முதல் குற்றவாளி டிரான்சிஸ்டர். தோளில் மாட்டிக்கொண்டு வயலுக்கே போய்விட்டார்கள். தபால் நிலையத்தில் பணம் கட்டி ரேடியோ லைசென்ஸ் வாங்கும் தொல்லையும் 1980-களில் ஒழிந்தது. பிறகு அதே பஞ்சாயத்துக் கட்டடத்துக்கு டி.வி. வந்து, வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' பார்க்க முன்பைவிடப் பெரிய கூட்டம் கூடியது. அதிலே பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள், அதற்காகவே டி.வி.க்கு ஒரு கும்பிடு. 2006-இல் தொடங்கி அரசு வீட்டுக்கு வீடு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்ததும் அந்தக் கூட்டமும் கலைந்தது. இதில் யாரைக் குறை சொல்ல? தன் வீட்டில், தன் பாயில், தன் இஷ்டத்துக்குப் பார்க்க யாருக்குத்தான் ஆசையில்லை.

வாரிசு என்று பார்த்தால் டீக்கடை ரேடியோ ஒன்றுதான், அதுவும் சில ஊர்களில். விடியற்காலை பக்திப் பாட்டு, பிறகு ஏழேகாலுக்குச் செய்தி. அதற்குப் பூட்டும் கிடையாது, சாவிக்காரரும் கிடையாது. சத்தத்தைக் குறை என்று ஒருவர், கூட்டு என்று இன்னொருவர். கடைக்காரர் இரண்டு பேருக்கும் டீயைக் கொடுத்துவிட்டு, ரேடியோவைத் தொடாமல் பால் சட்டியைப் பார்க்கப் போய்விடுகிறார்.