பெயர் சொன்ன உரையாசிரியர்கள்

சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் 1880-களில் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்த உ.வே. சாமிநாதையரை மூலத்தைவிட அதிகமாக வருத்தியது நச்சினார்க்கினியர் உரைதான். அதில் பக்கத்துக்குப் பக்கம் மேற்கோள்கள். ஆனால் அவை எந்த நூலின் வரிகள் என்ற குறிப்பு பல இடங்களில் கிடையாது. பிறரும் இவ்வாறு சொன்னார் என்ற அளவில் உரையாசிரியர் அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார்.

இதை அவருடைய குறை என்று சொல்லிவிட முடியாது. பாடல்களை மனப்பாடமாக வைத்திருந்த மாணவர்களுக்காக எழுதப்பட்ட உரை அது. பாதி அடி கேட்டாலே மீதியைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். 19ஆம் நூற்றாண்டுக்குள் அந்தக் கல்வித் தொடர்ச்சி அறுந்துபோயிருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்ட சாமிநாதையரே அங்கே சங்க நூல்களைப் படித்ததில்லை. பிந்தைய புராணங்களும் பிரபந்தங்களுமே அன்றைய பாடம். கேட்பவர் மாறியதும், பெயரில்லாத மேற்கோள் ஊமையாகிவிட்டது.

திருவாவடுதுறை ஆதீனத்துச் சுவடிகளில் தொகை நூல்களைப் புரட்டிய பிறகே அந்த அநாதை வரிகளுக்கு ஒவ்வொன்றாக வீடு கிடைத்தது. அந்த உழைப்பு 1887இல் சிந்தாமணிப் பதிப்பாகவும், தொடர்ந்து பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894) எனவும் வெளிவந்தது. அவருடைய பதிப்புகளின் அடிக்குறிப்புகளைக் கவனித்தால், ஒரு மேற்கோளின் ஊரைத் தேடி அலைந்தவர் அடுத்தவருக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்று எவ்வளவு அக்கறை எடுத்துக்கொண்டார் என்பது விளங்கும்: நூற்பெயர்ச் சுருக்கம், பாடல் எண், ஒத்த கருத்துள்ள பிற இடங்கள்.

பழைய உரைகாரர் எல்லாரும் நச்சினார்க்கினியரைப் போல எழுதவில்லை. சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார், தமக்கு ஆதாரமான நூல்களை முன்னதாகவே அறிவித்துவிடுகிறார்: இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல். பழைய இசை நாடக இலக்கணங்கள் அழிந்துவிட்டன, இந்த ஐந்தைக் கொண்டே ஒருவாறு பொருள் சொல்கிறேன் என்று தம் உரையின் எல்லையையும் ஒளிக்காமல் சொன்னது பெரிய நேர்மை. இவற்றுள் பஞ்சமரபு சுவடியாகக் கிடைத்து 20ஆம் நூற்றாண்டில் அச்சேறியது. மற்றவை இருந்தன என்று நாம் அறிவதே பெரும்பாலும் இத்தகைய குறிப்புகளால்தான்.

யாப்பருங்கலம் என்ற இலக்கண நூலின் உரையான யாப்பருங்கல விருத்தியும் அப்படித்தான். பெயர் மட்டுமே மிஞ்சிய பல நூல்கள் அதில் உயிரோடிருக்கின்றன. புறத்திரட்டு என்ற தொகுப்பு இன்னும் ஒரு படி மேல். பாடல்களை எடுத்த நூல்களின் பெயரை அது காத்து வைத்ததால்தான் முத்தொள்ளாயிரம், வளையாபதி, தகடூர் யாத்திரை ஆகியவற்றின் பாடல்கள் இன்று அந்தந்தப் பெயரில் நம் கையில் இருக்கின்றன. அந்த ஒற்றைச் சொற் குறிப்பு இல்லாதிருந்தால் அவை யாருடையவை என்றே தெரியாத தனிப்பாடல்கள். மயிலை சீனி. வேங்கடசாமி 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்று ஒரு முழுப் புத்தகமே எழுத முடிந்ததும் உரைகாரர்கள் விட்டுச்சென்ற இந்தத் தடங்களைப் பிடித்துத்தான்.

தமிழ் நூல்களை மின்னூலாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பெயர் சொல்லும் இந்த மரபை இணையத்துக்குக் கொண்டுவந்தது. உள்ளிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் அதன் மின்னூல்களின் தலைப்பிலேயே இருக்கும்.

இணையத்தில் எழுதுவோருக்குப் பழைய இலக்கியம் ஒரு வசதியும் தருகிறது. பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். புறநானூறு 192 என்று குறித்தால் எந்தப் பதிப்பிலும் கணியன் பூங்குன்றனார் பாட்டைப் பிடித்துவிடலாம். குறளில் மட்டும் சற்று எச்சரிக்கை வேண்டும். அதிகாரத்துக்குள் குறள்களை மணக்குடவர் அடுக்கிய வரிசை வேறு, பரிமேலழகர் அடுக்கிய வரிசை வேறு. இன்று புழங்கும் எண்கள் பரிமேலழகர் வழி வந்தவை. மணக்குடவர் உரையை எடுத்தாள்பவர் எண்ணோடு அதிகாரப் பெயரையும் குறளின் முதற்சொல்லையும் சேர்த்தே எழுத வேண்டும்.