பட்டாவில் யார் பேரு?

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கக்கா என்று நம் செயலாளர் இரண்டு தடவை வீட்டுக்கே வந்துவிட்டார். சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் நிலத்தைப் பற்றி எழுதுகிறேன். கீழத் தஞ்சையில் பண்ணையாள் வீட்டில் பிறந்தவளுக்கு அதுதான் தெரியும்.

எங்க அம்மா கல்யாணமாகி வந்த குடிசை மிராசுதார் நிலத்தில் இருந்தது. சுவர் வைத்ததும் கூரை போட்டதும் நாங்கள். தரை மட்டும் அவருடையது. கூலி நெல் குறையுதே என்று களத்தில் யாராவது கேட்டால் காரியக்காரர் நெல்லைப் பற்றிப் பேசவே மாட்டார். "மனையை விட்டு எறங்கு" என்பார். கைக்குழந்தையோடு எங்கே இறங்குவது? மரக்காலில் அளந்து போட்டதை வாங்கிக்கொண்டு வருவார்கள். 1952-இல் தஞ்சாவூர் ஜில்லாவுக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாள் என்று வைத்துக்கொண்டால்தானே சட்டம் என்று பல பண்ணைகளில் ஆட்களை அன்றாடக் கூலிகளாக்கிவிட்டார்கள்.

அப்புறம் 1961-இல் நில உச்சவரம்புச் சட்டம். ஐந்து பேர் கொண்ட குடும்பம் 30 ஸ்டாண்டர்டு ஏக்கருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, மிச்சத்தை அரசு எடுத்து நிலமில்லாதவர்களுக்குக் கொடுக்கும் என்றார்கள். ஸ்டாண்டர்டு ஏக்கர் என்பது மண்ணின் தீர்வையைப் பார்த்துக் கணக்கிடுவது. நல்ல நன்செய் என்றால் ஏறக்குறைய ஒரு ஏக்கர், வானம் பார்த்த புன்செய் என்றால் மூன்று, நான்கு ஏக்கர்கூட வரும். 1970-இல் அந்த 30-ஐ 15 ஆகக் குறைத்தார்கள். ஆனால் பொது தர்ம டிரஸ்ட் நிலங்களுக்கு விலக்கு இருந்தது. உடனே டிரஸ்ட்டுகள் முளைத்தன. உறவுக்காரர் பேருக்கும் வேலைக்காரர் பேருக்கும் நிலம் மாறியது. கடைசியில் தமிழ்நாடு முழுக்க உபரி என்று கணக்கில் வந்தது சாகுபடி நிலத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை.

இதில் நம்மைப் போன்ற பெண்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தச் சட்டத்தில் குடும்பத்துப் பெண்கள் சீதன நிலமாகத் தனியே 10 ஸ்டாண்டர்டு ஏக்கர் வரை வைத்துக்கொள்ளலாம் என்று இடம் இருந்தது. பெரிய வீட்டில் நிலத்தைக் காப்பாற்ற வேண்டியபோது பெண்ணின் பேர் பயன்பட்டது. (அந்த அம்மாமார்களில் எத்தனை பேருக்குத் தன் பேரில் நிலம் இருந்ததே தெரியுமோ, பாவம்.) நடவும் களையெடுப்பும் அறுப்பும் செய்த பெண்ணின் பேர் மட்டும் எந்தக் கணக்கிலும் இல்லை. 1969-இல் குத்தகைதாரர்களைப் பதிவு செய்யச் சட்டம் வந்தபோதும் எங்கள் பக்கம் ஆண்கள் பேரைத்தான் எழுதினார்கள்.

அதற்கு முந்தின வருஷம், 1968 டிசம்பர் 25 ராத்திரி, கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு எரித்தார்கள். கூலி கேட்டதற்கும் சங்கத்தில் சேர்ந்ததற்கும் வந்த பகை அது. செத்தவர்களில் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும்தான். எனக்கு அப்போது எட்டு வயசு. சேதி வந்த அன்றைக்கு எங்கள் தெருவில் யாரும் வேலைக்குப் போகவில்லை. அது நினைவிருக்கிறது.

1971-இல் குடியிருப்புச் சட்டம் வந்தது. விவசாயத் தொழிலாளி குடியிருக்கும் மனை அவருக்கே சொந்தம். ஏக்கர் கணக்கில் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் என்னைக் கேட்டால், அத்தனை நிலச் சட்டங்களிலும் எங்கள் தெருவுக்கு நிஜமாக வந்து சேர்ந்தது இது ஒன்றுதான். "மனையை விட்டு எறங்கு" என்ற சொல் அதோடு நின்றது. அம்மா அதற்குப் பிறகுதான் களத்தில் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டேன்.

பட்டா அப்பா பேருக்கு வந்தது. அப்போது அது யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை. பதினைந்து வருஷம் போயிருக்கும். ஒருநாள் காலையில் இரண்டு பேர் வந்து எங்கள் கொல்லையில் கல் ஊன்றினார்கள். அம்மா ஓடிப்போய்க் கேட்டால், "ஒம் புருஷன் வித்துட்டாரு, தெரியாதா?" என்றார்கள். கடனுக்காகப் பாதி மனையை எழுதிக் கொடுத்திருக்கிறார் அப்பா. அவர் மோசமான மனுஷர் இல்லை. அம்மாவிடம் கேட்கணும் என்று அவருக்குத் தோன்றவில்லை, சட்டமும் கேட்கச் சொல்லவில்லை. அந்தக் கல் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அதே காலத்தில்தான் பக்கத்து ஊர்களில் வேறு மாதிரி ஒன்று நடந்துகொண்டிருந்தது. வெண்மணிக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்து தங்கிய கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும் 1981-இல் லாஃப்டி என்ற இயக்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். விற்க மனசுள்ள நிலக்காரர்களிடம் விலை பேசி, கடனும் அரசு உதவியும் வாங்கி, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்று வாங்கிக் கொடுத்தார்கள். பத்திரம் பெண்கள் பேரில். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு இப்படி நிலம் கிடைத்தது. 2008-இல் அவர்கள் இருவருக்கும் மாற்று நோபல் என்று சொல்லும் பரிசு கொடுத்தார்கள்.

என் சின்னம்மாவுக்கு அதில் ஒரு ஏக்கர் வந்தது. கடனை நெல் போட்டே அடைத்தாள். ஒரு தடவை சின்னப்பா அதை அடமானம் வைக்கலாம் என்று ஆரம்பித்தபோது அவள் சொன்னது எங்கள் வீட்டில் இன்றைக்கும் வேடிக்கைப் பேச்சு: "கைநாட்டு எம்புள்ளது. நான் வெக்க மாட்டேன்." அந்த நிலம் இப்போதும் அவள் பேரில்தான் இருக்கிறது.

1989-இல் தமிழ்நாட்டிலும் 2005-இல் நாடு முழுவதும் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. போன மாதக் கூட்டத்தில் எங்கள் குழுவில் கேட்டுப் பார்த்தேன், வீட்டு மனையோ நிலமோ யார் யார் பேரில் இருக்கு என்று. பதினாலு பேரில் மூன்று பேர் கை தூக்கினார்கள். நான்கு பேருக்குப் பட்டா யார் பேரில் இருக்கிறது என்றே தெரியவில்லை. இன்னும் செத்துப்போன மாமனார் பேரில்தான் இருக்கும் என்றாள் ஒருத்தி. அடுத்த கூட்டத்துக்கு எல்லாரும் சிட்டா நகல் எடுத்துக்கொண்டு வரணும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.